நாலு விரல் இடைவெளி

எங்கள் மலையூர் ஹுவாய் மோக்கில் முட்டைக்கோஸ் அடுக்கத் தெரியாத பெண்ணே கிடையாது. ஆனாலும் ஸுவா அடுக்கிய வண்டி தனியாகத் தெரியும். பிக்கப்பின் கம்பிக் கூண்டுக்குள் அடிவரிசையில் பெரிய காய், அதன்மேல் நடுத்தரம், தண்டுப் பக்கம் வெளியே பார்க்க, இரண்டு காயின் இடுக்கில் மூன்றாவது உட்கார, கூண்டைத் தாண்டி மேலே போன பிறகும் சுவர் எழுப்பியதுபோல நேராக நிற்கும். கயிறு கட்டாமலே கீழே சந்தை வரைக்கும் கொண்டுபோகலாம் என்று அவள் கணவன் நெங் பெருமையடிப்பான். பெருமையடிப்பானே தவிர, கயிறு கட்டாமல் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை. அந்த மட்டுக்கும் புத்தியுள்ள ஆள்தான்.

எங்கள் மலையில் அடுக்குவது பெண்கள் வேலை, ஓட்டுவது ஆண்கள் வேலை. நன்றாக அடுக்குகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவள் ஸுவா ஒருத்திதான். எடைமேடை இருப்பது சந்தை வாசலில். மலையை இறங்கி முடித்த பிறகு எடை தெரிந்து யாருக்கு என்ன லாபம்? அதனால் ஸுவா தன் கையையே அளவாக வைத்திருந்தாள். பின்சக்கரத்துக்கும் அதற்கு மேலே வளைந்திருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் வலது கையை விட்டுப் பார்ப்பாள். காலி வண்டியில் விரித்த கை தாராளமாகப் போகும். காய் ஏற ஏற வண்டி அமுங்கும், இடைவெளி சுருங்கும். சேர்த்து வைத்த நாலு விரல் அகலத்துக்கு இடம் குறைந்ததும் நிமிர்ந்து, இடுப்பில் முன்னால் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "போதும்" என்பாள்.

அவள் போதும் என்றால் போதும்தான். அதற்குமேல் ஒரு காயை வைத்தாலும் இறக்கிக் கீழே போடுவாள். இந்த அளவை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் வாங்கிய பழைய வண்டியில் ஆசைக்கு ஏற்றி இறங்கும்போது, ஒரு பள்ளத்தில் டயர் மட்கார்டில் உரசிக் கிழிந்து, வளைவிலேயே நின்றுவிட்டது. நெங் ஸ்டெப்னியைத் தேடி நடந்து போக, அவள் பள்ளத்தாக்கின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளி டயர் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எட்டிப் பார்த்திருக்கிறாள். பார்த்த பிறகு அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை. அன்றிலிருந்து விரல் வைக்காமல் அவன் வண்டியைக் கிளம்ப விட்டதில்லை.

நெங்கை அவளுக்குப் பிடித்துப்போனதே அவன் அசடு வழிந்ததில்தான். புதுவருஷத்துப் பந்து விளையாட்டில் பையன்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக நின்று துணிப்பந்தை எறிந்து பிடிப்பார்கள். தவறவிட்டவர் எதையாவது கழற்றிக் கொடுக்க வேண்டும். நெங் வேண்டுமென்றே தவறவிட்டுத் தவறவிட்டு, குல்லா, இடுப்புத் துணி, வெள்ளிச் சங்கிலி எல்லாவற்றையும் அவளிடம் தோற்று, கடைசியில் மலைக்குளிரில் பனியனோடு நடுங்கிக்கொண்டு நின்றான். "இவன்கிட்ட இனி கழட்ட ஒண்ணுமில்லடி, கட்டிக்கோ" என்று தோழிகள் சிரித்தார்கள். கட்டிக்கொண்டாள். அவர்களுக்குப் பாஞியா என்று ஒரே மகள். கீழே லோம் சக் நகரத்தில் விடுதியில் தங்கி நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

நெங்கின் தம்பி பெங் சும்மா இருந்திருந்தால் எல்லாம் இப்படியே போயிருக்கும் என்று ஊரில் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. பெங் கிண்டல்காரன், கெட்டவன் இல்லை. அவன் வண்டிக்கு ஏற்கெனவே கூடுதல் கமான் பட்டை போட்டிருந்தான். பின் அச்சின் மேல் வளைத்து அடுக்கியிருக்குமே, அந்த இரும்புப் பட்டைகள்தான். இன்னும் சில சேர்த்து இறுக்கிவிட்டால் எத்தனை ஏற்றினாலும் வண்டி குனியாது. அந்த வருஷம் மலை முழுக்க எல்லோரும் முட்டைக்கோஸே போட்டு, விலை தரையைத் தொட்டுவிட்டது. இரண்டு நடை போனால் டீசலுக்கே சரியாகிவிடும். ஒரே நடையில் இரட்டைப் பாரம் கொண்டுபோகிறவன் பிழைத்தான், மற்றவன் தோட்டத்திலேயே பன்றிக்கு வெட்டிப் போட்டான்.

ஒருநாள் நெங்கின் வண்டியில் ஸுவா கையை வைத்து "போதும்" என்ற நேரத்தில், பக்கத்தில் பெங் தன் வண்டியில் ஏறி நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஓ வண்டி எதுக்கு நாய் மாதிரி குந்திக்கிட்டு ஆகாசத்த பாக்குது?" என்றான் பெங்.

"ஓ வண்டி மட்டும் என்னடா? காலியா இருக்கறப்ப வாத்து மாதிரி பின்னால தூக்கிக்கிட்டுல்ல போவுது!" என்றான் நெங்.

"வாத்தா இருந்தா என்ன? ஒரே நடையில வித்துட்டு வந்து வீட்ல படுத்துத் தூங்கறேன். நீ பாதிய தோட்டத்துல அழுக உட்டுட்டு அண்ணியோட விரல எண்ணிக்கிட்டு இரு."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நெங்கும் சிரித்தான். ஆனால் இரவுச் சோறு சாப்பிடும்போது மிளகாய்த் துவையலைக் கிண்டிக்கொண்டே, "அவன் சொல்றதும் நெசந்தான" என்றான்.

"பட்டை போட்டா வண்டி தாங்குமா?" என்று ஸுவா கேட்டாள்.

"தாங்கறதுக்குத்தான் பட்டையே. நீ வேணா கூட வா, ஓங் கண்ணால பாரு."

கூடப் போனாள். அதுதான் அவளைப் பின்னால் தின்றது.

கீழே லோம் காவு ஊருக்கு வெளியே தவீ என்பவரின் பட்டறை. சமவெளிக்காரர், வயிறு பெருத்த மனிதர், வெற்று மார்பில் தாயத்துகள் குலுங்க வேலை செய்வார். நெங்குக்குச் சமவெளிப் பேச்சு நன்றாக வரும். ஸுவாவுக்கு, காய் எண்ணவும் விலை கேட்கவும் வேண்டிய அளவுக்குத்தான் வரும். நீளமாகப் பேசினால் பிடி கிடைக்காது. அவள் ஒரு கவிழ்த்த டிரம்மின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். பழைய பட்டைக் கட்டைப் பிரித்து, தடித்த புதுப் பட்டைகளைச் செருகி, போல்ட்டை முறுக்கி ஏற்றினார்கள். வேலை முடிந்ததும் வண்டியின் பின்பக்கம் நிஜமாகவே வாத்து மாதிரி உயர்ந்து நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

காசு வாங்கும் முன் தவீ கையிலிருந்த ஸ்பானரால் சக்கரத்துக்குள்ளே இருக்கும் பிரேக் டிரம்மைத் தட்டிக் காட்டினார். என்னவோ சொன்னார். தலையை ஆட்டினார். மறுபடி அச்சைத் தட்டி, டயரைத் தட்டி, மலை இருக்கும் திசையைக் காட்டி என்னவோ சொன்னார். நெங் சிரித்தான். ஸுவாவின் பக்கம் கையை நீட்டி, பிறகு தன் நாலு விரலைச் சேர்த்துத் தூக்கிக் காட்டினான். தவீ அவளைப் பார்த்தார், தோளைக் குலுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"அவரு என்ன சொல்றாரு?" என்று ஸுவா கேட்டாள்.

"நல்ல இரும்புன்னு சொல்றாரு."

"தலைய ஆட்டுனாரே?"

"சும்மா, கூட கொஞ்சம் காசு கறக்கப் பாக்கறாரு. ஏறு வண்டியில, பசிக்குது."

நாலு விரல் காட்டியதைப் பேரம் என்று நினைத்துக்கொண்டாள். சந்தையில் தினம் பார்க்கிற சங்கதிதானே. வழியில் கோழி வறுவலும் பசைச்சோறும் வாங்கித் தின்றுகொண்டே மலை ஏறினார்கள். காலி வண்டி கல்லுக்குக் கல் துள்ளியது. "என் பல்லு கொட்டிப்போச்சுன்னா புதுப் பல்லுக்கும் பட்டை வச்சுக் கட்டுவியா?" என்று அவள் கேட்க, அவன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

அடுத்த அறுவடையில் ஸுவா வழக்கம்போல அடுக்கினாள். கூண்டு நிறைந்ததும் இறங்கி வந்து கையை விட்டாள். விரித்த கை அப்படியே போயிற்று. ஏறி இன்னும் இரண்டு வரிசை வைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தாள். கை போயிற்று. கூண்டுக்கு மேலே ஆள் உயரத்துக்குச் சுவர் எழும்பியது. நெங் கீழேயிருந்து காய்களை எறிந்துகொண்டே இருக்க, அவள் பிடித்துப் பிடித்து வைத்துக்கொண்டே இருந்தாள். நடுவில் அடிவரிசையிலிருந்து ஒரு காய் நசுங்கி வெடிக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு ஒரு நிமிஷம் கை நின்றது. இறங்கி வந்து திரும்பவும் இடைவெளியைத் தொட்டாள். நாலு விரலுக்கு மேலேயே இருந்தது. இத்தனை வருஷம் அவளை ஏமாற்றாத கை. அதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

தோட்டம் முழுவதும் ஒரே நடையில் ஏறிவிட்டது. கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு பாரத்தை அவள் அடுக்கியதில்லை. ஊர்ப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஸுவாவுக்கும் உள்ளூர ஒரு கர்வம்தான், இல்லை என்று சொல்வதற்கில்லை. நெங் சாயங்காலமே வீடு திரும்பி, அடுப்படியில் அவளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பருவத்தில் அவன் வீட்டில் இருந்த நேரம் அதற்கு முன் எந்தப் பருவத்திலும் இருந்ததில்லை. பட்டை கொடுத்த சந்தோஷம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கொடுத்தது.

மூடுபனி தொடங்கிய சமயம், கடைசி அறுவடை. பாஞியாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஸுவாவும் வண்டியில் ஏறிக்கொண்டாள். மகளுக்குக் கடுகுக்கீரை, புகையில் காயவைத்த பன்றிக்கறி என்று ஒரு பை மடியில். கிளம்பும் முன் அவள் கையை விட்டுப் பார்த்தாள். நாலு விரல், சரியாக நாலு விரல். பட்டை போட்ட பிறகு இந்த அளவுக்கு வண்டி அமுங்கியது அன்றுதான். "போதும்" என்றாள். நெங் கயிற்றை இறுக்கினான்.

இறக்கத்தில் பாதி வழியில் பாறையிலிருந்து மூங்கில் குழாயில் தண்ணீர் விழும் ஓர் இடம் உண்டு. பாரவண்டிகள் அங்கே நின்று, சக்கர டிரம்களின் மேல் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டுப் போகும். நெங்கும் நிறுத்தினான். வாளித் தண்ணீர் பட்டதும் சீறிக்கொண்டு ஆவி கிளம்பியது. இரண்டாவது வாளிக்கும் கிளம்பியது. மூன்றாவதுக்கும் நிற்கவில்லை. தீய்ந்த நாற்றம் அடித்தது.

"என்ன இன்னிக்கி இவ்ளோ ஆவி?" என்று ஸுவா கேட்டாள்.

"வண்டிக்குத் தாகம். நீ அடுக்குன அழகுக்கு அதுவும் வேர்க்காதா?"

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டுமே."

"பாஞியாவுக்கு வகுப்பு தொடங்கிட்டா வெளிய உடமாட்டாங்க. வா, வா."

கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரம் நின்றிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்தவர்போலப் பேசுகிற ஆட்கள் ஊரில் நிறைய வந்துவிட்டார்கள்.

சமவெளிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கும்பிட்டுப் போகும் சின்னக் கோயிலுக்கு முந்திய சரிவில் நெங் பிரேக்கை மிதித்தான். மிதி தரைவரைக்கும் போயிற்று. மறுபடி மிதித்தான், மறுபடி. கியரைக் குறைத்தான், எஞ்சின் அலறியது, வேகம் குறையவில்லை. பின்னாலிருக்கும் பாரம் வண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனது. முன்சக்கரத்தில் பிடிப்பே இல்லாமல் ஸ்டியரிங் லேசாகச் சுற்றியது. அவன் முகத்தில் அவள் அதுவரை பார்க்காத ஒன்று தெரிந்தது.

"கதவத் தெற. குதி" என்றான்.

"நீயும் வா..."

"குதிடி!"

அவளால் முடியவில்லை. மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நெங் வண்டியை மலைப்பக்கமாக ஒட்டிக் கொண்டுவந்து, எட்டிக் கதவைத் தட்டிவிட்டு, காலால் அவள் இடுப்பில் ஓர் உதை விட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

விழுந்த இடத்திலிருந்து அவள் பார்த்தது வண்டியின் பின்பக்கத்தைத்தான். அப்போதும் டயருக்கு மேலே அந்த நாலு விரல் இடைவெளி அப்படியே இருந்தது. வளைவில் உயரமான பாரம் ஒருபக்கம் சாய, வண்டியும் அதனோடு சாய்ந்து, விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. சத்தம் வந்தது. பிறகு அவள் அடுக்கிய சுவர் உடைந்து, சாலையில் சிதறிய காய்கள் உருண்டு உருண்டு, மற்றவை நின்ற பிறகும் ஒன்றிரண்டு உருண்டுகொண்டே இருந்தன.

கால் முறிந்து அவள் அங்கே கிடந்தபோது மூன்று வண்டிகள் நின்றன. ஒன்றிலிருந்தவர்கள் அவளைத் தூக்கினார்கள். மற்ற இரண்டில் வந்தவர்கள் நல்ல காய்களாகப் பார்த்துப் பொறுக்கிச் சாக்கில் போட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்ல வாய் கூசுகிறது.

நெங்கை எடுத்து வந்து, வழக்கப்படி செய்தார்கள். எங்களில் இறந்தவரோடு இரும்பு போகக்கூடாது. சட்டைப் பித்தான், ஜிப் எல்லாம் அறுத்தெடுத்துவிட்டுத் துணி நாடாவால் கட்டினார்கள். பெட்டிக்கு ஆணி அடிக்காமல் மரத்தோடு மரத்தைக் கோத்தார்கள். உயிர் தான் வாழ்ந்த ஊர் ஒவ்வொன்றாகக் கடந்து, நஞ்சுக்கொடி புதைத்த பிறந்த வீட்டுத் தூணடி வரைக்கும் நடந்து திரும்ப வேண்டும். இரும்பு இருந்தால் கனக்கும், நடக்க முடியாது. காலில் கட்டோடு சுவரில் சாய்ந்திருந்த ஸுவா, வழி சொல்லும் பாட்டையும் குழலையும் பறையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "பாரமில்லாம போகட்டும், பாரமில்லாம போகட்டும்" என்று அவள் வாய் ஓயாமல் முணுமுணுத்தது.

அவளுக்கும் சடங்கு நடந்தது. விழுந்த இடத்தில் பயந்து தங்கிவிட்ட உயிரை அழைத்துவர, சோறும் முட்டையும் ஊதுபத்தியும் கோழியுமாக அந்த வளைவுக்குப் போனார்கள். சடங்கு செய்யும் பெரியவர் உயிரைக் கூப்பிட்டார், வீடுவரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். முட்டையை உரித்துப் பார்த்து, "வந்துடுச்சு" என்றார். எல்லோரும் அவள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள்.

"மத்ததெல்லாம் வந்துடுச்சு. இந்தக் கைக்கு மட்டும் வரல" என்று ஸுவா வலது கையைக் காட்டினாள். கையில் காயம் எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் இடது கையால்தான் சாப்பிட்டாள்.

சில மாதம் கழித்து, அவள் கோலூன்றி நடக்கத் தொடங்கியபோது, பெங் வந்து வாசலில் நின்றான். அண்ணன் போனதிலிருந்து அவனிடம் கிண்டல் செத்துவிட்டிருந்தது. கையில் கரி படிந்த துணி.

"அண்ணி, பள்ளத்துலேர்ந்து வண்டிய எடுத்தோம். ஒண்ணும் தேறல. எஞ்சின் ரெண்டா பொளந்துகிடக்கு. பட்டை மட்டும்..."

"பட்டை என்ன?"

"ஒரு கீறல்கூட இல்ல அண்ணி. நல்ல இரும்பு. என் பட்டையில ஒண்ணு விரிசல் உட்டுடுச்சு. நீங்க சரின்னு சொன்னா..." என்று இழுத்தான்.

நல்ல இரும்பு. அந்தச் சொல்லை ஸுவா ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். பட்டறை வாசல், தவீயின் ஸ்பானர், ஆட்டிய தலை, எல்லாம் கண்முன் வந்தன. நல்ல இரும்பு என்று சொல்கிறவன் எதற்குத் தலையை ஆட்டுவான்? படுக்கையில் கிடந்த அத்தனை நாளும் அவளை அரித்தது அதுதான். பட்டறைக்காரர் மட்டமான இரும்பைத் தலையில் கட்டி, அதனால் வண்டி போயிருக்கும் என்று ஒரு மனம் நம்பியது. நம்ப ஆசைப்பட்டது என்பதுதான் சரி. அவர்மேல் பழி விழுந்தால் அவள் மூச்சு விடலாம். பட்டையோ கீறல் இல்லாமல் இருக்கிறது.

"தொடாத. நான் ஒரு எடம் போய்ட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

பேருந்து பிடித்துக் கீழே போய், விடுதியிலிருந்து பாஞியாவை அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். தவீ அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். கையிலிருந்ததை வைத்துவிட்டு, நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டார். விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"கேளுடி" என்றாள் ஸுவா மகளிடம். "அன்னிக்கி டிரம்மத் தட்டித் தட்டி ஒங்கப்பங்கிட்ட காட்டுனாரே, என்ன சொன்னாருன்னு கேளு."

பாஞியா கேட்டாள். தவீ மெதுவாக, நீளமாகப் பேசினார். நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் தன் நாலு விரலைச் சேர்த்துத் தூக்கிக் காட்டினார். அன்று நெங் காட்டியது போலவே.

பாஞியா அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"என்னடி சொல்றாரு?"

"நல்ல பட்டைதான் போட்டாராம்மா. பட்டைமேல தப்பில்லன்னு சொல்றாரு. வா, போலாம்."

ஸுவா மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். நெங்கின் மூக்கு, நெங்கின் கண், பொய் சொல்லும்போது அவனுக்குப் போலவே ஒருபக்கம் இறங்கும் உதடு.

"ஒங்கப்பன் இதே எடத்துல இதே மூஞ்சியோடதான் எங்கிட்ட சொன்னான், நல்ல இரும்புன்னு. நீயும் அதையே பண்ணாத. சொல்லு."

"வேணாம்மா."

"சொல்லுடி!"

பாஞியா அழுதுகொண்டே சொன்னாள். "பட்டை வண்டிய நிமுத்தித்தான் வைக்கும், வேற ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னாராம். பிரேக்கு அதே பழைய பிரேக்குதான், அச்சு அதே அச்சுதான், டயரும் அதேதான். வண்டி குனியலையேன்னு ஏத்தாத, பழைய பாரத்துக்கு மேல கொஞ்சம்தான் ஏத்தணும், எறக்கத்துல நிக்காதுன்னு சொன்னாராம்."

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

பாஞியா தவீயைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் வலது கையைப் பார்த்தாள்.

"அப்பா சிரிச்சாராம். அந்தக் கவல எனக்கில்ல, அதோ ஒக்காந்திருக்கா பாருங்க எம்பொண்டாட்டின்னு ஒன்னக் காட்டுனாராம். அவ டயருக்கு மேல நாலு விரல் வச்சுப் பாத்துட்டுப் போதும்னு சொல்லிடுவா. அவ கை இருக்கற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாராம். இவருக்கு அது வெளங்கலையாம். மலைக்காரங்க ஏதோ வேற கணக்கு வச்சிருப்பாங்கன்னு விட்டுட்டாராம்."

தவீ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஸுவா இடது கையால் வாங்கிக் குடித்தாள். நெங் அவள் கையை நம்பினான். அவள் இடைவெளியை நம்பினாள். இடைவெளியைப் பட்டை தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. தவீ சொன்னதை மறைத்துப் பொய் சொன்னவன்தான், ஆனால் அவள் கைமேல் வைத்த நம்பிக்கையில் பொய்யே இல்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால் கோபப்பட்டாவது பிழைத்திருப்பாள்.

ஊர் திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. ஏற்றுமிடத்தில் பெங்கின் வண்டி நின்றது. காய் கூண்டைத் தாண்டி எழும்பியிருந்தது. அவன் மனைவி மேலே நின்று அடுக்கிக்கொண்டிருந்தாள். பெங் ஸுவாவைப் பார்த்ததும் கையைப் பிசைந்தான்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு மழன்னு சொல்றாங்க. காய் அழுகிடும். அதான் அண்ணனோட பட்டைய மத்தியானம் மாட்டிட்டேன். நீங்களே வந்து கைய வச்சுப் பாருங்க, இன்னும் எவ்ளோ எடம் கெடக்குதுன்னு!"

அவன் பயந்துபோய்த்தான் அப்படிச் சொன்னான். அவள் வந்து விரல் வைத்துச் சொல்லிவிட்டால் அவனுக்கும் ஒரு தைரியம். அண்ணனைப் போலத்தான்.

ஸுவா சக்கரத்தருகே போனாள். கோலைக் கீழே போட்டாள். பல மாதமாகத் தூக்காத வலது கையைத் தூக்கி மட்கார்டுக்குக் கீழே விட்டாள். விரித்த கை உள்ளே போயிற்று. சுற்றி நின்றவர்கள் அவள் வாயைப் பார்த்தார்கள்.

கையை வெளியே எடுத்து, கூண்டுக் கம்பியைப் பிடித்து, முறிந்து கூடிய காலை இழுத்துக்கொண்டு மேலே ஏறினாள். பெங்கின் மனைவி கைகொடுத்துத் தூக்கினாள். ஸுவா மேல்வரிசைக் காய் ஒன்றை எடுத்துக் கீழே எறிந்தாள். இன்னொன்றை எறிந்தாள். இரண்டு கையாலும் எடுத்து எடுத்து எறிந்தாள். காய்கள் மண்ணில் விழுந்து பிளந்தன. வரிசை வரிசையாகச் சுவர் இறங்கியது. கூண்டின் விளிம்புக்கு வந்தது, அதற்கும் கீழே போயிற்று. பெங்கின் மனைவி தடுக்கப் போனாள். பெங் வேண்டாம் என்று கை காட்டினான்.

"எதுவரைக்கும் அண்ணி?" என்று கீழேயிருந்து கேட்டான். "எவ்ளோ இருந்தா போதும்? சொல்லுங்க, நானே எறக்கறேன்."

"தெரியலடா பெங்கு" என்றாள் ஸுவா. "எனக்குத் தெரியல."

சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.